ஸ்டேடியத்தைப் படம் எடுக்க: கேள்வி பதில்

நாகர்கோவில்: அண்ணா ஸ்டேடியத்துக்குத் தினமும் நடக்கப் போகிறேன் அக்கா. எங்கே நின்று எடுத்தாலும் வெறும் வெட்டவெளிதான் வருகிறது.

மைதானத்தை விடுங்கள், கேலரியைப் பாருங்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது படிகளின் விளிம்பு வெளிச்சமாகவும் அடிப்பக்கம் நிழலாகவும் பிரியும். அந்தக் கோடுகள்தான் படம். ஓடி முடித்தவர் யாராவது நடுப்படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தால் இன்னும் நல்லது. கேலரி எவ்வளவு பெரியது என்று அவரை வைத்துத்தான் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் எல்லாம் சப்பென்று இருக்கும்.

தக்கலை: தூண்கள் எல்லாம் பின்னால் சாய்ந்து விழுவதுபோல வருகின்றன.

கேமராவை அண்ணாந்து பிடிப்பதால் வருவது. மட்டமாகப் பிடித்து, பின்னால் தள்ளி நில்லுங்கள். அல்லது பாதி கேலரி உயரத்துக்கு ஏறிவிடுங்கள். கீழே கூடுதலாக வரும் தரையை அப்புறம் வெட்டிக்கொள்ளலாம். ஃப்ளட்லைட் கம்பத்தடியில் நின்று நேர் மேலே எடுப்பது வேறு கதை, அது அழகு. அரைகுறைச் சாய்வுதான் கெடுக்கும்.

களியக்காவிளை: திருவனந்தபுரம் காரியவட்டம் ஸ்டேடியத்துக்கு மேட்ச் பார்க்கப் போகிறோம். பெரிய கேமரா விடுவார்களா?

பெரும்பாலும் விடமாட்டார்கள். டிக்கெட்டில் உள்ள நிபந்தனையைப் படித்துவிட்டு போனோடு போங்கள், போதும். கேட் திறந்ததும் உள்ளே போய், மேல்வரிசை மூலையில் நின்றால் கேலரி வளைந்து போவது முழுசாகக் கிடைக்கும். பொழுது சாயும்போது தயாராக இருங்கள். நம் பக்கம் அந்தி நீளாது. சூரியன் இறங்கி இருபது நிமிடம் போல வானம் நீலமாக நிற்கும், விளக்கும் எரியும். அதை விட்டால் மேலே வெறும் கறுப்புதான்.

மழைக்கும் ஒரு பிளாஸ்டிக் கவர் வையுங்கள். 2017 நவம்பர் 7 அன்று அங்கே நடந்த முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டமே மழையால் ஆளுக்கு 8 ஓவராகச் சுருங்கியது. மழை பெய்தால் ஓடி ஒளியாதீர்கள். விளக்குக்கு எதிரே, இருட்டான பின்னணியில் தாரை தாரையாகத் தெரியும்.

குலசேகரம்: ராத்திரிப் படத்தில் கறுப்புப் பட்டை விழுகிறது. போன் கெட்டுப்போச்சா?

போனில் குறையில்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி எரியும். ஷட்டர் வேகத்தை 1/100 அல்லது 1/50 நொடி வைத்துப் பாருங்கள். ஓடுகிறவர் கலங்கித் தெரிவார், கட்டிடமும் கூட்டமும் தெளிவாக இருக்கும்.

தூத்தூர்: எங்கள் ஊர் ஃபுட்பால் மைதானத்தில் கூரையும் இல்லை, கேலரியும் இல்லை. இதில் என்ன எடுக்க?

மக்கா, இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மதில் மேல் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்களே, அவர்கள்தான் உங்கள் கேலரி. மொட்டை மாடியில் நிற்பவர்கள் மேல்தளம். கோல் போஸ்டுக்குப் பின்னால் போய், வலைக்கு ஊடாக எதிர்மதிலைக் கட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். ஃபோகஸ் வலையில் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோல் விழும்போது பந்தைத் தேடாதீர்கள். மதிலில் யார் முதலில் எழும்புகிறார், யார் தலையில் கைவைக்கிறார் என்று பாருங்கள்.

உப்புக்காற்று லென்ஸில் படிந்தால் விளக்கெல்லாம் புகைந்து தெரியும். முதலில் ஊதி மணலைப் போக்குங்கள், அப்புறம் துணியால் துடையுங்கள். மணலோடு தேய்த்தால் கீறல்தான்.

கன்னியாகுமரி: சேப்பாக்கத்தின் வெள்ளைக் கூரை பகலில் சாம்பல் நிறமாக வருகிறதே?

வெள்ளை அதிகமென்றால் கேமரா தானாக இருட்டாக்கும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒரு படி ஏற்றுங்கள், சரியாகிவிடும்.