மாத்திரை இல்லாம முட்டி வலியை இயற்கையா சரி பண்ண முடியுமா?

நீங்க கேட்டிருக்கறது, 60 வயசு அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம்னு சொல்லிட்டாங்க, வலி மாத்திரை வயித்துக்கு ஒத்துக்கல, கை வைத்தியத்துல ஏதாவது வழி இருக்கான்னு. இருக்குங்க. ஆனா எது நிஜமாவே கேக்கும், எது ஆளையே படுக்க வச்சிரும்னு நாங்க ரெண்டு வருஷம் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம், அதனால நீளமாத்தான் எழுதப் போறேன், பொறுமையா படிங்க.

எங்களுக்கு திருநெல்வேலி பக்கம். அம்மா 30 வருஷத்துக்கு மேல பீடி சுத்துனவங்க. மடியில தட்டை வச்சு சம்மணம் போட்டு உக்காந்தாங்கன்னா மத்தியானச் சோத்துக்குத்தான் எந்திரிப்பாங்க. 58 வயசுல வலது முட்டி பிடிக்க ஆரம்பிச்சது, அப்புறம் ரெண்டு முட்டியும். எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா தேய்மானம். டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரையை கொஞ்ச நாள் போட்டாங்க, நெஞ்செரிச்சல் தாங்கல, அதோட ஏற்கனவே பிரஷர் வேற இருக்கு, இந்த மாத்திரையெல்லாம் வருஷக்கணக்குல போட்டா கிட்னிக்கு ஆகாதுன்னு டாக்டரே சொன்னாரு. அப்பதான் தெருவுல ஒரு சித்தி, நான் முட்டி வலிக்கு ஒரு இடத்துல மூலிகை மருந்து வாங்கிச் சாப்பிடுதேன், நீயும் வான்னு அம்மாவைக் கூட்டிட்டுப் போனாங்க.

பேப்பர்ல மடிச்ச பொடியும் ஒரு கவர்ல கருப்பு உருண்டையும் கொடுத்தாங்க. பேரு கிடையாது, என்ன சேத்திருக்குன்னு ஒரு எழுத்து கிடையாது. மூணாவது நாள் அம்மா மாடிப்படியில கைப்பிடிக்காம ஏறி வந்து "ஏட்டி, வலியே இல்ல பாரு"ன்னு சொன்னப்ப எனக்கு கண்ணுல தண்ணியே வந்துருச்சு. நானே போயி அடுத்த மாசத்துக்கும் வாங்கிட்டு வந்தேன், இன்னைக்கும் நெனச்சா மனசு கெடந்து அடிச்சுக்குது. ரெண்டு மாசத்துல முகம் உப்பி வட்டமாயிருச்சு, ராத்திரியெல்லாம் தூக்கமில்ல, அதுவரைக்கும் சுகரே இல்லாதவங்களுக்கு டெஸ்ட் பண்ணா 300க்கு மேல. டாக்டர் முகத்தைப் பாத்த உடனே கேட்டது, ஏதாவது நாட்டு மருந்து சாப்பிடுறீங்களான்னுதான். அதுல ஸ்டீராய்டு, அதாவது வலியையும் வீக்கத்தையும் டக்குனு அடக்கற ஹார்மோன் மருந்து, கலந்திருக்கணும்னு சொன்னாரு. வீட்டுக்குப் போனதும் எல்லாத்தையும் குப்பையில கொட்டிடணும்னு நெனச்சேன், அதையும் அவரு அங்கயே தடுத்துட்டாரு, ஏன்னா ஸ்டீராய்டை டக்குனு நிறுத்தினா உடம்புல அதைச் சுரக்கற அட்ரீனல் சுரப்பி தூங்கிப் போயிருக்கும், ஆளு மயங்கி விழுந்து உயிருக்கே ஆபத்தாயிரும். அளவு தெரிஞ்ச மாத்திரை கொடுத்து கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைச்சாங்க.

அதனால மொதல்ல இதைச் சொல்லிடறேன். லேபிள் இல்லாத, லைசென்ஸ் நம்பர் இல்லாத, பேட்ச் நம்பர் இல்லாத எந்தப் பொடியும் உருண்டையும் அம்மா வாயில போக விடாதீங்க. பல வருஷத் தேய்மான வலி ரெண்டே நாள்ல காணாமப் போச்சுன்னா சந்தோஷப்படாதீங்க, பயப்படுங்க. ஏற்கனவே சாப்பிட்டுட்டு இருந்தாங்கன்னா நீங்களா நிறுத்தாம டாக்டர்கிட்ட அந்த மருந்தையும் கையோட கொண்டு போங்க.

சித்த மருத்துவமே வேணாம்னு நான் சொல்லல. எங்களுக்கு பாளையங்கோட்டையில அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கு, 1964ல ஆரம்பிச்சது, சென்னைப் பக்கம்னா தாம்பரம் சானடோரியத்துல தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கு, படிச்ச டாக்டருங்க பாப்பாங்க, என்ன மருந்துன்னு கேட்டா பேரு சொல்லுவாங்க. வேற என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்கன்னு மறைக்காம அவங்ககிட்ட சொல்லுங்க.

இப்ப வீட்டுல செய்யறதுக்கு வரேன். எங்கம்மாவுக்கு உடனடி சுகம் கொடுக்கறது ஒத்தடம்தான். இரும்புச் சட்டியில ரெண்டு கை கல்லுப்பைப் போட்டு வறுத்தா மொதல்ல படபடன்னு வெடிக்கும், அந்தச் சத்தம் அடங்குன பிறகு வேலியில இருந்து பறிச்ச நொச்சி இலையை ஒரு பிடி போட்டு ஒரு பெரட்டு பெரட்டி, அப்பாவோட பழைய வேட்டித் துணியில கொட்டி முடிச்சுக்குவேன். வீடே நொச்சி வாசனையாயிரும். மொதல்ல என் முழங்கையோட உள்பக்கம் வச்சுப் பாப்பேன், எனக்குப் பொறுக்குற சூடு வந்தாதான் அம்மா முட்டிக்குப் போகும், வச்சு வச்சு எடுக்கணும், ஒரே இடத்துல அமுக்கி வைக்கக் கூடாது, 10, 15 நிமிஷம் போதும். சூட்டுல முட்டியைச் சுத்தி இறுகிக் கெடக்கற தசை இளகிடுது, ரத்த ஓட்டம் கூடுது, அதனாலதான் வலி குறையுது, தேஞ்ச குருத்தெலும்பு இதுல வளராது. உங்கம்மாவுக்கு பல வருஷமா சுகர் இருந்தா ரொம்ப ஜாக்கிரதை, கால்ல உணர்ச்சி கம்மியா இருந்தா சுடறதே தெரியாம கொப்புளம் வந்துரும். முட்டி வீங்கி தொட்டாலே கொதிக்குதுன்னா அன்னைக்கு சூட்டு ஒத்தடம் வேணாம், துணியில ஐஸ் சுத்தி வைங்க.

தைலம், பாம் எல்லாம் சும்மா ஏமாத்துன்னு சிலர் எழுதுறாங்க, அது அப்படி இல்ல. தைலத்துல இருக்கற மெந்தால் நம்ம தோல்ல குளிர்ச்சியை உணர்ற நரம்பைத் தூண்டி விடுது, மிளகாய்ல இருக்கற கேப்சைசின் சூட்டை உணர்ற நரம்பைத் தூண்டுது, அந்த உணர்ச்சியில வலி கொஞ்சம் அமுங்கிடுது. அந்த உணர்ச்சி எப்படி உண்டாகுதுன்னு கண்டுபிடிச்சதுக்குத்தான் டேவிட் ஜூலியஸ்ங்கற அமெரிக்க விஞ்ஞானிக்கு 2021ல நோபல் பரிசுல பங்கு கொடுத்தாங்க. கேப்சைசின் கிரீமை டாக்டருங்களே முட்டி வலிக்கு எழுதுறாங்க. ஊட்டியில வாங்கிட்டு வர்ற விண்டர்கிரீன் எண்ணெய் இருக்கு பாருங்க, அதுல இருக்கறது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினோட சொந்தக்காரப் பொருள். தடவினா இதமா இருக்கும், ஆனா அந்த பாட்டிலை பேரப்பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, ஒரு டீஸ்பூன் எண்ணெய் 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு மேல சமம், சின்னப் பிள்ளை குடிச்சா உயிரே போயிரும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடறவங்க இதை நெறய தேய்க்கவும் கூடாது.

சாப்பாட்டுல முடக்கத்தான் தோசை வாரத்துக்கு ரெண்டு நாள் சுடறோம், அம்மாவுக்கு அது ருசிக்குது, முடக்கை அறுக்கறதாலதான் முடக்கத்தான்னு எங்க ஆச்சி சொல்லுவாங்க. வலி அதுல குறைஞ்சுதுன்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. மஞ்சளும் அப்படித்தான், மஞ்சத்தூள் 100 கிராம்ல அதோட முக்கியச் சத்தான குர்குமின் 3 கிராம் அளவுக்குத்தான் இருக்கும், அதுவும் தனியா சாப்பிட்டா ரத்தத்துல சரியா சேராது. மிளகுல இருக்கற பைப்பரின் கூடச் சேந்தா 20 மடங்கு கூடுதலா சேருதுன்னு 1998ல பெங்களூர்ல ஆராய்ச்சி பண்ணிச் சொன்னாங்க, அதனால மஞ்சப் பால்ல மிளகு தட்டிப் போடறது நல்ல பழக்கம்தான். ஆனா அதையே செறிவாக்கி கேப்சூலா ஆன்லைன்ல விக்கறதை வாங்கிக் கொடுக்காதீங்க, அதைச் சாப்பிட்டு ஈரல் கெட்டுப் போனவங்க இருக்காங்க. கொழம்புல போடற மஞ்சளும் அதுவும் ஒண்ணு இல்ல.

இவ்வளவும் சொன்னேன், எங்கம்மாவை நிஜமா நடக்க வச்சது இதுல எதுவுமே இல்ல. ஒரு துண்டு. பிசியோதெரபிஸ்ட் பொண்ணு ஒண்ணு சொல்லிக் கொடுத்தா. காலை நீட்டி உக்காந்து, துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில வச்சு, முட்டியால துண்டைக் கீழ அமுக்கி 5 எண்ணி விடணும். ஒரு காலுக்கு 10 தடவை, காலையில சாயந்திரம். மொத வாரம் அம்மாவுக்கு தொடைத் தசை அசையவே இல்ல, நான் கை வச்சுப் பாப்பேன், மாவு மாதிரி கொழகொழன்னு இருக்கும். ஆறாவது வாரம் அமுக்கும்போது தொடை கல்லு மாதிரி இறுகுச்சு. தொடை பலமா இருந்தா உடம்பு பாரத்தை அது வாங்கிக்கும், முட்டியில இறங்கற அடி குறையும். அப்புறம் படுத்துக்கிட்டு காலை நேரா தூக்கறது, சேர்ல உக்காந்து கை ஊணாம எந்திரிக்கறது, இப்படி ஒவ்வொண்ணா கூட்டினோம். வலி சுத்தமா போகட்டும் அப்புறம் நடக்கலாம்னு அம்மா ஒரு வருஷம் உக்காந்தே இருந்தாங்க, அதுலதான் தசை அவ்வளவு வத்திப் போச்சு.

எடை 5 கிலோ குறைஞ்சாங்க. ஒரு கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டி மேல 4 கிலோ பாரம் குறையும்னு கணக்கு இருக்கு, அப்ப 20 கிலோ. தரையில உக்காரறதை நிறுத்தி, வீட்டுல வெஸ்டர்ன் டாய்லெட் போட்டோம், மாத்திரைக்குச் செலவழிச்ச காசை விட அது பிரயோஜனமான செலவு.

உங்கம்மாவுக்கு காலையில எந்திரிச்சதும் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல இருக்கா, கை விரல் மூட்டும் வீங்குதா, காய்ச்சலோட முட்டி செவந்து வீங்குதா, படுத்தாலும் ராத்திரி வலி விடாம இருக்கா, இதுல ஒண்ணு இருந்தாலும் அது வெறும் தேய்மானமா இல்லாம வேற ஏதாவதா இருக்கலாம், ஒத்தடம் போட்டுட்டு காத்திருக்காம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அது எதுவும் இல்லன்னா இன்னைக்கு சாயந்திரமே துண்டை எடுத்துட்டு அம்மா பக்கத்துல உக்காருங்க, மொத பத்து நாள் நீங்களும் கூடவே காலை நீட்டிச் செய்யுங்க, தனியா செய்யச் சொன்னா எங்கம்மா மாதிரியே ரெண்டாவது நாள் விட்டுருவாங்க.