கப்பித்தான் வந்த கதை

கேள்வி: என் அக்காளுக்கு 48 வயது. அத்தான் இறந்து ஆறு வருடம் ஆகிறது. ஃபேஸ்புக்கில் பழக்கமான ஸ்காட்லாந்து கப்பல் கேப்டன் ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொல்கிறார். நகையும் பவுண்டும் வைத்துப் பார்சல் அனுப்பினாராம். அது டெல்லி கஸ்டம்ஸில் நிற்கிறதாம். 45,000 ரூபாய் கட்டச் சொல்கிறார்கள். நம்பலாமா?
(பெயர் வேண்டாம், கருங்கல்)

பதில்: கூடாது. பதில் முடிந்தது. ஆனால் 'கேப்டன்' என்று எழுதிவிட்டீர்களே, இனி நான் எப்படிச் சும்மா இருப்பது?

நம் கன்னியாகுமரி ஜில்லாவுக்கு ஐரோப்பாவிலிருந்து நிஜமாகவே ஒரு கேப்டன் வந்தார். டிலனாய். டச்சுக் கம்பெனிக்காகக் குளச்சலில் சண்டை போட வந்து, 1741-இல் தோற்று, திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, அப்புறம் அவர் படைக்கே பயிற்சி கொடுத்தவர். ஊர் அவரை 'வலிய கப்பித்தான்' என்றது, அதாவது பெரிய கேப்டன். 1777-இல் செத்ததும் இந்தப் பக்கம்தான். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் கல்லறை இருக்கிறது, நேரில் போய்ப் பார்க்கலாம். 36 வருடம் இங்கே கிடந்த மனுஷன், பார்சல் வந்திருக்கிறது, பணம் கட்டு என்று எந்தப் பெண்ணையும் கேட்டதாக நான் படித்ததில்லை. (டிலனாய் கேப்டனே அல்ல என்று மூன்று வருடமாகக் கார்டு போடும் தக்கலை அன்பர் இந்த மாதம் பேனாவை மூடி வைக்கவும். என்ன பதவியோ, ஆள் இருந்தார்.)

உங்கள் அக்காளின் கேப்டன் அந்த ஒன்றைத்தான் செய்யவில்லை, இருக்கவில்லை. படம் வேறு யாருடையதோ. கூகுள் லென்ஸில் போட்டால் இன்னொரு பெயரில் அகப்படலாம். அகப்படாவிட்டாலும் நம்ப வேண்டாம், முகத்தை மாற்றி வீடியோ காலே பேசுகிற காலம். இந்த ஆட்கள் எப்போதும் கேப்டன், ராணுவ டாக்டர், எண்ணெய்க் கிணற்று எஞ்சினியர். ஏன் ஒருத்தனும் பள்ளிக்கூட வாத்தியாராக இருப்பதில்லை? வாத்தியார் என்றால் லீவுக்கு வரச் சொல்வீர்கள். மனைவி இறந்திருப்பாள், பிள்ளை ஹாஸ்டலில் படிக்கும், இவன் நடுக்கடலில் நிற்பான்.

நடுக்கடல் என்றால் என்னவென்று தூத்தூர்க்காரர்களிடம் கேளுங்கள். சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போனவனின் செல்போன், கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் வெறும் டார்ச் லைட். பெரிய கப்பலில் சாட்டிலைட் நெட் உண்டு, சரி. அதற்காக நாளுக்கு நாற்பது 'டியர்' அனுப்புகிறவன் கப்பலை எப்போது ஓட்டுவான்?

கஸ்டம்ஸ் வரி யாரோ ஒருவரின் சேவிங்ஸ் கணக்குக்குப் போகாது. போனில் பேசுகிற 'அதிகாரி'யும் கேப்டனின் கூட்டாளிதான். 45,000 கட்டினால், ஸ்கேனில் பவுண்டு தெரிந்துவிட்டது, கறுப்புப் பணம் இல்லை என்று சான்றிதழ் வாங்க ஒன்றரை லட்சம் என்பார்கள். அதையும் கட்டினால் கைது என்பார்கள். ஏற்கெனவே கட்டியாகிவிட்டதா? இதைப் படித்து முடிக்க வேண்டாம், சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போன் போடுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் முடக்கினால் கொஞ்சமாவது மிஞ்சும். பிறகு, போன பணத்தை மீட்டுத் தருகிறேன் என்று ஃபீஸ் கேட்டு ஒரு 'வக்கீல்' வருவார். அவரும் அதே கப்பல்.

எனக்குப் புரியாதது வேறு. கொல்லங்கோட்டிலிருந்து ஒரு வரன் வந்தால் வீட்டுப்பேர் என்ன, தாய்மாமன் யார், கடன் உண்டா, குடி உண்டா என்று நாலு டீக்கடையில் விசாரிக்கிற ஜில்லா இது. என் தங்கை கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் ஒன்று இல்லை என்பது வரை கண்டுபிடித்தோம். ஸ்காட்லாந்து என்றதும் விசாரணை நின்றுவிடுகிறது! 'நம் விஷயம் யாருக்கும் தெரிய வேண்டாம்' என்று முதல் வாரத்திலேயே அவன் சொல்லியிருப்பானே, டீக்கடைக்குப் பயந்துதான்.

அக்காளைத் திட்டாதீர்கள். ஆறு வருடத்தில் அவளிடம் 'சாப்பிட்டாயா' என்று கேட்டவன் அவன் ஒருத்தன்தானோ என்னவோ. ஞாயிற்றுக்கிழமை உதயகிரிக்குக் கூட்டிப் போய்க் கப்பித்தானைக் காட்டுங்கள். திரும்பும்போது தக்கலையில் டீ குடியுங்கள். கார்டு அன்பர் அங்கேதான் எங்காவது உட்கார்ந்திருப்பார். அவரும் தனியாள். விசாரித்துவிட்டேன்: கடன் இல்லை, குடி இல்லை. எழுத்துப்பிழை மட்டும் உண்டு.