கட்டாத பள்ளிக் கட்டணம் எங்கே போனது?

கேள்வி: உடுமலைப்பேட்டையிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்தில், மாமனார் விட்டுப்போன மூன்று ஏக்கர் தென்னந்தோப்பில் வசிக்கிறோம். மகள் (ஒன்பதரை வயது), மகன் (7), மகள் (5), மகன் (2) என நான்கு பிள்ளைகள். யாரையும் பள்ளிக்கு அனுப்பவில்லை, நானே வீட்டில் சொல்லிக்கொடுக்கிறேன். கோவையில் மாதம் 42,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருந்த வேலையை 2020-இல் விட்டேன். கணவருக்கு வயது 38. கணினி நிறுவனம் ஒன்றில் வீட்டிலிருந்தே வேலை, கைக்கு 68,000 ரூபாய் வருகிறது. தோப்பில் செலவு போக வருடத்துக்கு ஒன்றரை லட்சம் நிற்கும். அது நகைக்கடன் வட்டிக்கும் சொந்தபந்தங்களின் மொய்க்கும் சரியாகிவிடும்.

மாதச் செலவு: வீட்டுக்கு 31,000, படிப்புக்கு 9,500, கார் தவணை 11,200, பிள்ளைகள் பெயரில் மூன்று காப்பீட்டு பாலிசி 6,300, சீட்டு 5,000, மாமியாரின் மருந்து 3,000. மீதி 2,000. அதுவும் பல மாதங்களில் இல்லை. பக்கத்துத் தனியார் பள்ளியில் மூத்த மூவரைச் சேர்த்திருந்தால் வருடத்துக்கு இரண்டரை லட்சம் ஆகியிருக்கும். அதை மிச்சம் பிடித்த பிறகும் ஏன் கையில் காசு தங்கவில்லை? படிப்புச் செலவுக்கு வரிச்சலுகை கிடைக்குமா? பிள்ளைகளின் மேற்படிப்புக்கு இப்போது என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, கணக்கை ஒளிவுமறைவில்லாமல் எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு செலவுகளைக் காணோம். அவற்றைச் சேர்த்தால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

அந்த இரண்டரை லட்சம் உங்கள் கைக்கு என்றைக்குமே வந்ததில்லை. நீங்கள் வேலையில் இருந்து, அந்தச் சம்பளத்திலிருந்து கட்டணம் கட்டியிருந்தால் அது செலவு. வேலையையும் விட்டு, கட்டணத்தையும் கட்டாமல் இருக்கும்போது அதை மிச்சம் என்று எப்படிச் சொல்வது? உங்கள் பள்ளியின் உண்மையான கட்டணம் நோட்டு, வண்ணப் பென்சில், இணைய இணைப்புக்கு ஆகும் 9,500 அல்ல. மாதாமாதம் வராமல் போன 42,000 ரூபாய்தான். இதை உங்களைக் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. கைக்குழந்தையோடு கோவைக்குப் போய்வர முடியாது என்பதால் எப்படியும் சில வருடங்கள் வேலையை விட்டிருப்பீர்கள். ஆனாலும் விலை தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் வாங்குவது வேறு.

காணாமல் போன இரண்டாவது செலவு சமையலறையில் இருக்கிறது. நான்கு பிள்ளைகளும் நாள் முழுக்க வீட்டில் இருந்தால் மூன்று வேளைச் சாப்பாடு, பதினொரு மணிக்கு ஒரு பண்டம், நாலு மணிக்கு இன்னொன்று. 2020 ஊரடங்கில் என் வீட்டில் இரண்டே பிள்ளைகள்தான். ஐந்து வாரம் வந்துகொண்டிருந்த எரிவாயு சிலிண்டர் மூன்றே வாரத்தில் காலியானது. உங்கள் 31,000-இல் கணிசமான ஒரு பகுதி உண்மையில் படிப்புச் செலவுதான். அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன், வளரும் பிள்ளைகளின் வயிறு. கணக்கில் மட்டும் அது இருக்கும் இடம் தெரியட்டும்.

குறைக்க வேண்டியது கார் ஓட்டத்தை. வாரத்தில் நான்கு நாள் வெவ்வேறு வகுப்புகளுக்காக உடுமலைக்குப் போய்வருவதாகக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நடைக்கு 28 கிலோமீட்டர், மாதத்துக்கு ஏறத்தாழ 480 கிலோமீட்டர். லிட்டர் 100 ரூபாய்க்கு மேல் விற்கும்போது இதற்கு மட்டுமே 3,000 ரூபாயைத் தாண்டும். வகுப்புகளை ஒன்றிரண்டு நாட்களுக்குள் அடக்குங்கள். கிளை நூலகத்தையும் அதே நாளில் முடித்துக்கொள்ளலாம். உங்கள் ஊருக்கு நகரப் பேருந்து வருமானால் இன்னும் நல்லது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கட்டணம் கிடையாது. மாதம் 2,000 ரூபாய் இதிலேயே மிஞ்சும்.

வரிச்சலுகை பற்றிச் சுருக்கமாக. வருமான வரியில் 80சி பிரிவு என்று நாம் பழகிப்போன சலுகை, பள்ளி அல்லது கல்லூரிக்குக் கட்டும் கல்விக் கட்டணத்துக்கு உரியது. வீட்டில் வாங்கும் புத்தகத்துக்கும் தனி வகுப்புக்கும் கிடைக்காது. புதிய வரி முறையில் அந்தச் சலுகையே இல்லை. அதற்காக வருந்தவும் வேண்டாம். 2025-26 முதல் புதிய முறையில் 12.75 லட்சம் வரையுள்ள சம்பளத்துக்கு வரியே வராது. உங்கள் கணவரின் சம்பளம் அதற்குள்தான் இருக்கும். வரி மிச்சமாகும் என்று சொல்லி யாராவது இன்னொரு பாலிசியை நீட்டினால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அந்தக் கல்விக் கட்டணச் சலுகைகூட இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான். நம் அரசாங்கமும் நிறுவனங்களும் குடும்பம் என்றாலே நான்கு பேர் என்று எண்ணிப் படிவம் அச்சடிக்கின்றன. நீங்கள் ஆறு பேர். எனவே இன்றே உங்கள் கணவர் அலுவலக மனிதவளப் பிரிவில் ஒன்றைக் கேட்க வேண்டும்: நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் எத்தனை பிள்ளைகளுக்கு இடம்? பல நிறுவனங்களில் முதல் இரண்டு பேருக்கு மட்டும்தான். ஐந்து வயது மகளும் இரண்டு வயது மகனும் எந்தக் காப்பீடும் இல்லாமல் தென்னைமரத்தடியில் ஓடிக்கொண்டிருக்கலாம். கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வழி இருந்தால் சேருங்கள். இல்லையென்றால் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு ஃப்ளோட்டர் பாலிசி, அதாவது எல்லோரும் ஒரே காப்பீட்டுத் தொகையைப் பகிர்ந்துகொள்ளும் மருத்துவக் காப்பீடு, எடுக்க வேண்டும். வேலை போனால் குழுக் காப்பீடும் கூடவே போய்விடும் என்பதால், தனி பாலிசி எப்படியும் ஒருநாள் தேவைப்படும்.

என்னை உண்மையிலேயே கோபப்படுத்தியது அந்த மூன்று பாலிசிகள். பெரியப்பா முகவர் என்பதற்காக எடுத்தவை என்கிறீர்கள். மாதம் 6,300 கட்டி, சம்பாதிக்காத பிள்ளைகளின் உயிரைக் காப்பீடு செய்திருக்கிறீர்கள். ஆறு பேருக்கும் சோறு போடுகிற ஒரே ஆளின் உயிருக்குச் சொந்தமாக ஒரு பாலிசி இல்லை. அலுவலகம் தரும் 20 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு இரண்டரை வருடச் சம்பளத்துக்கே வராது.

முதல் வேலை, கணவர் பெயரில் 60 வயது வரைக்கும் ஒன்றேகால் கோடி ரூபாய்க்கு டெர்ம் பாலிசி. முதிர்வுத் தொகை எதுவும் தராத வெறும் காப்பீடு அது, அதனால்தான் மலிவு. புகைப்பழக்கம் இல்லாமல் உடல்நிலை சரியாக இருந்தால் மாதம் 2,000 ரூபாயை ஒட்டி முடியும். தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் இல்லை. விண்ணப்பிக்கும்போதே, 1874-ஆம் ஆண்டின் திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் எடுக்கிறேன் என்று குறிப்பிடச் சொல்லுங்கள். அப்படி எடுத்தால் பணம் மனைவிக்கும் பிள்ளைகளுக்குமே சேரும், கணவருக்குக் கடன் கொடுத்தவர்கள் பொதுவாக அதில் கை வைக்க முடியாது. நகைக்கடன், கார் கடன் என்று இருக்கும் வீட்டுக்கு இது முக்கியம்.

டெர்ம் பாலிசி கைக்கு வந்த பிறகு, அதற்கு முன் அல்ல, பழைய மூன்றில் ஏழு வருடம் கட்டியதை அப்படியே தொடருங்கள். பின்னால் எடுத்த இரண்டுக்கும் சரண்டர் மதிப்பு (இப்போதே முடித்துக்கொண்டால் கிடைக்கும் தொகை) எவ்வளவு, பிரீமியத்தை நிறுத்தி பெய்ட்-அப் ஆக்கினால் (குறைந்த தொகையோடு முதிர்வு வரை அப்படியே விட்டால்) எவ்வளவு என்று கிளையில் எழுத்தில் வாங்குங்கள். பெரும்பாலும் பெய்ட்-அப் ஆக்குவதே உங்களுக்குப் பொருந்தும். இதில் மாதம் 4,000 மீளும். பெரியப்பாவுக்கு மனஸ்தாபம் வரத்தான் செய்யும். தீபாவளிக்குள் சரியாகிவிடும்.

இனி மேற்படிப்பு. மூத்த மகளுக்குப் பத்து வயது ஆவதற்குள் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்கு ஆரம்பித்தாக வேண்டும், பத்து முடிந்துவிட்டால் முடியாது. 250 ரூபாய் இருந்தால் போதும். இங்கேயும் ஒரு குடும்பத்தில் இரண்டு மகள்களுக்குத்தான் இடம், நல்லவேளையாக உங்களுக்கு இரண்டே மகள்கள். 2024 ஜனவரியில் நிர்ணயித்த வட்டி 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு இதைப் பரிசீலிக்கும்.

ஆனால் மூத்தவளின் படிப்பே இதில் முடிந்துவிடும் என்று எண்ணாதீர்கள். கணக்கு முதிர 21 வருடம் ஆகும், அப்போது அவளுக்கு வயது 31-ஐ நெருங்கியிருக்கும். 18 வயதில் படிப்புக்காக இருப்பில் பாதியைத்தான் எடுக்கலாம். மாதம் 1,000 ரூபாய் போட்டு வந்தால் இந்த வட்டியில் எட்டு வருடத்தில் சுமார் 1.34 லட்சம் சேரும், கையில் கிடைப்பது 67,000. அவள் பெயரில் கணக்கைத் திறந்து குறைந்த தொகையை மட்டும் போட்டுவாருங்கள். சின்னவள் கணக்கில் 1,000 போடுங்கள், அவளுக்கு 26 வயதாகும்போது ஐந்தரை லட்சம் வரை நிற்கும்.

மூத்தவளின் படிப்புக்கு இதைவிடப் பெரிய தொகை வேறிடத்தில் இருக்கிறது. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தமிழகத்தில் 2020 முதல் மருத்துவப் படிப்பிலும், 2021 முதல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளிலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசே ஏற்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரிப் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய். பையன்களுக்கு 2024-இல் தமிழ்ப் புதல்வன் வந்தது. எல்லாவற்றுக்கும் நுழைவாயில் அந்த ஆறாம் வகுப்புதான்.

இத்தனை நாளும் நீங்கள் வீட்டுப் படிப்பைத் தனியார் பள்ளியோடு மட்டுமே ஒப்பிட்டுவந்தீர்கள். காலை உணவும் மதிய உணவும் புத்தகமும் இலவசமாகத் தரும், நடந்து போகும் தூரத்திலுள்ள அரசுப் பள்ளியோடும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியில் சேருங்கள் என்று நான் சொல்லவில்லை. தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக 14 வயதில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத வைப்பதும் நல்ல வழிதான், செலவும் குறைவு. அந்த வழியில் போனால் ஒதுக்கீடும் உதவித்தொகையும் கிடையாது, அவ்வளவே. பள்ளிப் பக்கமே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருகிறது. அவளுக்குப் பதினொரு வயதாக இன்னும் ஒன்றரை வருடம் இருக்கிறது. கணவரும் நீங்களும் அவளும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க அது போதும்.

கடைசியாக உங்களுக்கென்று ஒன்று. பள்ளியில் ஆசிரியைக்குச் சம்பளம் உண்டு, பல பள்ளிகளில் வருங்கால வைப்பு நிதியும் உண்டு. உங்கள் பள்ளியில் இரண்டும் இல்லை. உங்கள் பெயரில் ஒரு பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கு தொடங்கி மாதம் 1,500 ரூபாய் போடச் சொல்லுங்கள். இப்போதைய 7.1 சதவீதத்தில் 15 வருடத்தில் நாலே முக்கால் லட்சத்தை ஒட்டி வரும். பழைய வேலையில் ஓய்வூதியத் திட்டத்தில் சேர்ந்திருந்து, சேவை பத்து வருடத்துக்குக் குறைவாக இருந்தால், அந்தப் பணத்தை எடுத்துவிடாமல் திட்டச் சான்றிதழ் வாங்கி வையுங்கள். மறுபடி வேலைக்குப் போனால் பழைய வருடங்களும் சேர்ந்துகொள்ளும்.

காரில் மிஞ்சும் 2,000, பாலிசியில் மீளும் 4,000, இப்போது நிற்கும் 2,000 என்று 8,000 ரூபாய்க்குள்தான் இத்தனையும் அடங்க வேண்டும். டெர்ம் பாலிசி, மருத்துவக் காப்பீடு, செல்வமகள், உங்கள் பிபிஎஃப் என்ற வரிசையில் வையுங்கள். சீட்டை அவசரப்பட்டுத் தள்ளுபடிக்கு ஏலத்தில் எடுக்காதீர்கள். சீட்டு முடியும்போது வரும் தொகையை நகைக்கடனில் கட்டி, நகையை மீட்டுவிடுங்கள். சீட்டு நடத்துபவர் பதிவு செய்தவரா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதை இந்த வாரமே விசாரித்து எழுதுங்கள்.