திரையில் தமிழ், காதில் ஏன் ஆங்கிலம்?

கேள்வி: நான் கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர். பத்து ஆண்டுகளாகச் சேர்த்த பாடக் குறிப்புகளை பிடிஎஃப் கோப்புகளாக வாட்ஸாப் குழுவில் மாணவர்களுக்கு அனுப்புகிறேன். இந்த ஆண்டு பார்வையற்ற மாணவர் ஒருவர் என் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். "ஐயா, நீங்கள் அனுப்பியதைத் திறந்தால் என் செல்பேசி ஏதேதோ ஆங்கில எழுத்துகளைச் சொல்கிறது. சில கோப்புகளில் பேசுவதே இல்லை" என்கிறார். இப்போதைக்கு நண்பர்கள் அவருக்குப் படித்துக்காட்டுகிறார்கள். இது போதுமா? போதாதென்றால், தொழில்நுட்பம் அதிகம் தெரியாத நான் என்ன செய்யலாம்? நூலகப் புத்தகங்களின் பக்கங்களையும் ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். அதில் சட்டச் சிக்கல் ஏதும் உண்டா?

பதில்: போதாது, ஐயா. நானும் பார்வையற்றவன். கல்லூரியில் மூன்று ஆண்டுகளும் நண்பர்கள் படித்துக்காட்டித்தான் தேர்வு எழுதினேன். அவர்களுடைய அன்பை இன்றும் மறக்கவில்லை. ஆனால் புரியாத ஒரு பத்தியை நான்காவது முறை படிக்கச் சொல்ல எனக்கு நா எழுந்ததில்லை. தேர்வுக்கு முந்தைய இரவு அவர்களுக்கும் தேர்வுதான். எந்தப் பக்கத்தை முக்கியம் என்று அவர்கள் நினைத்தார்களோ, அதுதான் எனக்கும் முக்கியம் ஆனது. படிப்பு என்பது தனியே உட்கார்ந்து, முன்னும் பின்னும் போய், ஒரு வரியில் நின்று யோசிப்பது. அது உங்கள் மாணவருக்கும் கிடைக்க வேண்டும். கிடைக்கச் செய்வது நீங்கள் நினைப்பதைவிட எளிது.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம். உங்கள் கோப்பு ஒன்றைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து, வாட்ஸாப் செய்திப் பெட்டியில் ஒட்டுங்கள். நல்ல தமிழில் வந்தால் கவலை இல்லை. பொருளற்ற ஆங்கில எழுத்துகளாக வந்தால், அது பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது. வரியைத் தேர்ந்தெடுக்கவே முடியவில்லை என்றால், அது எழுத்தே அல்ல, படம். தமிழாக வந்தும் கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறியிருந்தால், பிடிஎஃப் ஆக்கும்போது பழுதாகியிருக்கிறது. மாணவர் சொன்னதைப் பார்த்தால் உங்களிடம் முதல் இரண்டு பழுதுகளும் இருக்கின்றன.

ஆங்கிலம் ஏன் வருகிறது? கணினிகளில் தமிழுக்கென்று பொது ஏற்பாடு பரவாத நாட்களில், எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'அம்மா' என்று நீங்கள் பார்ப்பது, கணினியைப் பொறுத்தவரை எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். உங்கள் கண்ணுக்கு மேலே போர்த்திய வடிவம் தெரிகிறது. திரையில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான், உள்ளே இருப்பதைப் படிக்கிறது. அது பொய் சொல்லவில்லை, கோப்பில் இருப்பதைத்தான் சொல்கிறது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான ஏற்பாடாக யூனிகோடு வந்தபின், தமிழ் எழுத்துகளுக்கும் கால், கொம்பு போன்ற குறிகளுக்கும் தனித்தனி எண் கிடைத்தது. தமிழ்நாடு அரசும் 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. இருந்தும் தட்டச்சு நிலையங்களிலும் அச்சகங்களிலும் பழைய எழுத்துருக்கள் இன்றும் புழங்குகின்றன. உங்கள் குறிப்புகளும் அப்படி ஓர் இடத்தில் தட்டச்சானவையாக இருக்கலாம்.

மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். பிடிஎஃப் ஆக்குவதற்கு முன்பிருந்த வேர்டு கோப்புகளைத் தேடி எடுங்கள். என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற, எழுத்துருவை மாற்றித்தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மூல எழுத்துரு பாமினியா, டேபா, டேமா, டிஸ்கியா என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் முழுக் கோப்பும் சில நொடிகளில் யூனிகோடுக்கு மாறிவிடும். மாறியபின் இரண்டு இடங்களைக் கட்டாயம் பாருங்கள். ஒன்று, இடையில் இருந்த ஆங்கிலச் சொற்கள். அந்த மென்பொருள் அவற்றையும் பாமினி என்று நினைத்து உருத்தெரியாத தமிழாக்கியிருக்கும். இன்னொன்று, காற்புள்ளிகள். பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது 'இ' என்பதால், "சேரர்இ சோழர்இ பாண்டியர்" என்று வந்து நிற்கும். திருத்துவதற்கு எளிய வழி, செல்பேசியையே படிக்கச் சொல்லிக் கேட்பது. கண் தாண்டிப்போகும் பிழையைக் காது பிடித்துவிடும். இந்தக் கட்டுரையையும் நான் அப்படித்தான் திருத்தினேன்.

பேசவே பேசாத கோப்புகள் ஸ்கேன் செய்த படங்கள். அவற்றைக் கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறவுங்கள். படத்தில் உள்ள எழுத்தை அது அடையாளம் கண்டு தட்டச்சு எழுத்தாகத் தரும். தெளிவாக அச்சான தமிழை நன்றாகவே படிக்கிறது. பழுப்பேறிய பக்கத்திலும் அடிக்கோடிட்ட வரிகளிலும் தடுமாறும். கையெழுத்துக் குறிப்புகளுக்கு இதை நம்பாதீர்கள். செல்பேசி விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கியைத் தொட்டு, குறிப்பைச் சொல்லச் சொல்ல எழுத்தாகும்படி செய்வது விரைவானது.

இனி, எந்த வடிவில் அனுப்புவது? என் ஆலோசனை, அவருக்கு வேர்டு கோப்பையே அனுப்புங்கள். பிடிஎஃப் தாளில் எப்படித் தெரிய வேண்டும் என்பதற்காகப் பிறந்த வடிவம். அது எழுத்துகளை வைக்கும் முறையில் தமிழின் கொம்புகள் வரிசை மாறிப்போவது உண்டு. 'கொ'வைப் படிக்க வேண்டிய குரல் திக்கித் திணறும். பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் வேர்டிலிருந்து 'சேவ் ஆஸ்' வழியாகச் சேமியுங்கள், 'பிரிண்ட்' வழியாக வேண்டாம். பிரிண்ட் வழியில் தலைப்பு, பட்டியல் என்ற அமைப்பு விவரங்கள் உதிர்ந்துவிடும்.

அந்த அமைப்பு விவரம் சிறிய விஷயம் அல்ல. நாற்பது பக்கக் குறிப்பில் 'வரிமுறை' எங்கே என்று நீங்கள் கண்ணை ஓட்டிக் கண்டுபிடிப்பீர்கள். எங்களுக்குத் தலைப்புகள்தான் கண். தலைப்பைப் பெரிதாக்கித் தடிமனாக்கினால் போதாது. வேர்டின் 'ஸ்டைல்ஸ்' வரிசையில் ஹெடிங் 1, ஹெடிங் 2 என்று குறிக்க வேண்டும். அப்படிக் குறித்திருந்தால், என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானின் உலாவு நிலையில் எச் விசையை அழுத்தி அழுத்தி ஒவ்வொரு தலைப்பாகத் தாவலாம். (அதை 2006இல் உருவாக்கத் தொடங்கிய ஆஸ்திரேலியரும் பார்வையற்றவர்தான்.) தலைப்பு அழகாகத் தெரிவதற்காக "மு டி வு ரை" என்று இடம்விட்டு அடிக்கும் பழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அது எனக்கு ஒரு சொல்லாகக் கேட்பதில்லை, உதிரி எழுத்துகளாகக் கேட்கிறது.

வரலாற்றுப் பாடம் என்பதால் வரைபடங்கள் இருக்கும். வேர்டில் படத்தின்மேல் வலது சொடுக்கினால் 'ஆல்ட் டெக்ஸ்ட்' என்ற பெட்டி வரும். அதில் "வரைபடம்" என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "ராஜேந்திர சோழனின் 1025ஆம் ஆண்டுப் படையெடுப்பு. சோழ மண்டலக் கரையிலிருந்து வங்கக் கடலைக் கடந்து சுமத்திராவில் ஸ்ரீவிஜயத்துக்கும் மலாய்த் தீபகற்பத்தில் கடாரத்துக்கும் அம்புக்குறிகள் செல்கின்றன" என்று எழுதினால் பாடம் கிடைக்கும். கரும்பலகையில் அந்தப் படத்தைக் காட்டி வகுப்புக்கு எதைச் சொல்வீர்களோ அதை எழுதினால் போதும். வாட்ஸாப்பில் அனுப்பும் தேர்வு அட்டவணைப் புகைப்படத்துக்கும் இது பொருந்தும்: அதே விவரத்தை அதே செய்தியில் எழுத்தாகவும் இடுங்கள். ஒரு தேர்வின் நேரம் மாறியதை இப்படி ஒரு புகைப்படமாக மட்டும் அனுப்பியதால், மண்டப வாசலில் நான் நின்ற நாள் ஒன்று உண்டு.

வண்ணங்களை மட்டும் நம்பி "சிவப்புப் பகுதி பாண்டியர்" என்று எழுதாதீர்கள். நிறக்குருடு உள்ள மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கக்கூடும். காணொளி அனுப்பினால் வசன வரிகளைச் சேருங்கள். காது கேளாதவர்களுக்கு அதுதான் வாசல்.

சட்டத்துக்கு வருகிறேன். 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக ஒரு நூலை அவர்கள் அணுகக்கூடிய வடிவுக்கு மாற்றித் தருவதை, லாப நோக்கம் இல்லாதவரை, மீறலாகக் கருதுவதில்லை. ஆகவே நூலகப் பக்கங்களை எழுத்தாக மாற்றி அந்த மாணவருக்குக் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம். அந்தக் கோப்பை எல்லாரும் இருக்கும் குழுவில் போடாமல் அவருக்குத் தனியாக அனுப்புங்கள், விலக்கு மாற்றுத்திறனாளிகளுக்கானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவலை அணுகும் வசதியை உரிமையாகச் சொல்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், எண்ணிம (டிஜிட்டல்) சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. உங்கள் கல்லூரி நிர்வாகத்திடம் உதவிக்கு ஆள் கேட்கப்போகும்போது இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து ஆண்டுக் குறிப்புகளையும் ஒரே மூச்சில் மாற்ற முயன்று சோர்ந்துவிடாதீர்கள். அடுத்த வாரம் நடத்தப்போகும் பாடத்தை மட்டும் இந்த வாரம் மாற்றுங்கள். வகுப்புக்கு முன்பே அவருக்கு அனுப்பி, எந்த இடத்தில் குரல் தடுமாறியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் இடங்களைத் திருத்தியபின், அதே முறையில் அடுத்த பாடத்தை எடுங்கள்.