இன்ஸ்டால் பண்ணும்போதே எல்லா அனுமதியையும் கேட்க வேண்டாம்

வணக்கம். உப்புவெளி வகுப்புப் பிள்ளைகளுக்காகச் செய்த போலித்தள எச்சரிக்கை எக்ஸ்டென்ஷன் (பிரவுசரில் சேர்க்கும் சிறு நிரல்), 'எல்லாத் தளங்களிலும் உள்ள உங்கள் தரவைப் படிக்கும், மாற்றும்' என்று குரோமில் காட்டுவதால் பெற்றோர் கான்சல் பண்ணுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் பயப்படுவது நியாயம்தான்.

எக்ஸ்டென்ஷனின் விவரக் கோப்பான மேனிஃபெஸ்ட்டில், ஹோஸ்ட் பெர்மிஷன்ஸில் (இன்ஸ்டால் பண்ணும்போதே கேட்கும் தள அனுமதிகள்) உள்ள 'ஆல் யூஆர்எல்ஸ்'ஐ (எல்லாத் தளங்களும்) ஆப்ஷனல் ஹோஸ்ட் பெர்மிஷன்ஸுக்கு (தேவைப்படும்போது பிறகு கேட்பவை) மாற்றுங்கள். அது மட்டும் போதாது. கன்டென்ட் ஸ்கிரிப்ட்ஸின் (தளப் பக்கங்களுக்குள் ஓடும் நிரல்கள்) மேட்சஸில் (அவை ஓடவேண்டிய தளங்களின் பட்டியல்) அதே வரி இருந்தால் எச்சரிக்கை அப்படியே வரும். பலர் தவறவிடும் இடம் இதுதான். அதை நீக்கி, அனுமதி கிடைத்த பிறகு அந்த ஸ்கிரிப்டை ஸ்கிரிப்டிங் ஏபிஐ (பக்கங்களில் நிரலை ஓட்டும் பிரவுசர் வசதி) மூலம் பதிவு செய்யுங்கள். 'இந்தப் பக்கத்தைச் சோதி' பட்டனுக்கு ஆக்டிவ்டேப் (பயனர் அழுத்தும்போது திறந்துள்ள பக்கத்துக்கு மட்டும் தரும் அனுமதி), ஸ்கிரிப்டிங் இரண்டும் போதும். இவற்றுக்கு எச்சரிக்கை வராது.

எல்லாத் தளங்களையும் தானாகச் சோதிக்கும் 'எப்போதும் காவல்' சுவிட்ச்சைப் பயனர் அழுத்தியதும் முதல் வேலையாக, அனுமதி கேட்கும் பெர்மிஷன்ஸ் ரிக்வெஸ்ட்டை அழையுங்கள். அதற்கு முன் ஸ்டோரேஜைப் (எக்ஸ்டென்ஷனின் சேமிப்பிடம்) படிக்க அவெய்ட் (பதில் வரும்வரை காத்திருக்கும் கட்டளை) போட்டால், ஃபயர்பொக்ஸ் அதைப் பயனர் அழுத்தியதாக எடுக்காமல் மறுத்துவிடும்.

சுவிட்ச்சின் நிலையை ஸ்டோரேஜில் மட்டும் நம்பவே வேண்டாம். பயனர் பிரவுசர் அமைப்பில் அனுமதியை எடுத்துவிட்டாலும் உங்கள் சுவிட்ச் பச்சையாகவே நிற்கும். பாதுகாப்பு இல்லாதபோதும் அது இருப்பதாக நம்பிவிடுவார்கள். பொப்அப் திறக்கும் ஒவ்வொரு முறையும் அனுமதி இருக்கிறதா என்று பெர்மிஷன்ஸ் கன்டெய்ன்ஸால் கேட்டுக் காட்டுங்கள், அனுமதி நீக்கப்பட்டதை அறிவிக்கும் ஒன்ரிமூவ்டையும் கவனியுங்கள்.