வேலையில்லாத பட்டதாரிகளுக்கு அரசு உதவித்தொகை யாருக்குக் கிடைக்கும்? வாங்கினால் எம்ப்ளாய்மென்ட் பதிவு போய்விடுமா?

உங்கள் வீடு குடியாத்தத்தில், தங்கை பி.காம். முடித்துப் பல வருடமாக வேலை கிடைக்காமல் இருக்கிறாள், உதவித்தொகை வாங்கினால் பதிவை அடித்துவிடுவார்கள் என்று தெருவில் சொல்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள்.

தாராளமாக விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பதிவு போகாது, சீனியாரிட்டியும் அப்படியே இருக்கும். எனக்குப் பேரணாம்பட்டு. பி.ஏ. முடித்துவிட்டு இதே பேச்சை நம்பி ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டேன். மூன்று வருடத் தொகையும் பிறகு முழுசாக வந்தது. ஆனால் அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்து, பஸ்ஸுக்குக்கூட அம்மாவிடம் கேட்டு நின்ற அந்த வருடத்தில் வரவில்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

முதலில் அவளுடைய பதிவு அட்டையை எடுத்துப் பாருங்கள். பட்டத்தைப் பதிந்து ஐந்து வருடம் முடிந்திருக்க வேண்டும். பரீட்சை எழுதிய வருடத்திலிருந்து எண்ணிக்கொண்டு போய் ஏமாந்து திரும்புகிறவர்கள் நிறைய. மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பதையும் விட்டிருக்கக் கூடாது. வயது 40-க்குள், எஸ்.சி., எஸ்.டி. என்றால் 45-க்குள். காலேஜில் ரெகுலராகப் படிக்கிறவர்களுக்குக் கிடையாது, அஞ்சல்வழி என்றால் தடையில்லை. பி.இ., மருத்துவம், சட்டம் போன்ற தொழிற்படிப்பு படித்தவர்களுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது.

குடும்ப வருமானம் வருடத்துக்கு 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் 6,000. கூலிக்குப் போகிற இரண்டு பேர் வீட்டில் இருந்தாலே தாண்டிவிடும். இந்த வரம்பை உயர்த்தியே ஆக வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பு இல்லை. அவர்கள் பதிந்து ஒரு வருடம் ஆனால் போதும், அவர்களில் பட்டதாரிக்கு மாதம் 1,000 ரூபாய் பத்து வருடம் வரை உண்டு. மற்றவர்களுக்கு மூன்று வருடம்தான். பட்டதாரிக்கு மாதம் 600, பிளஸ் டூவுக்கு 400, பத்தாவது பாஸ் என்றால் 300, ஃபெயில் என்றால் 200. மூன்று மாதத்துக்குச் சேர்த்து பேங்க் கணக்கில் போடுவார்கள். உங்கள் தங்கைக்கு ஒரு தவணை 1,800 ரூபாய்.

விண்ணப்பப் படிவம் வேலூரில் உள்ள மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இலவசம். துறையின் இணையதளத்திலும் எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டிய பகுதி ஒன்று இருக்கிறது. எனக்கு அலைச்சல் வைத்தது அதுதான். இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். மூன்றாவது முறை அம்மா இலை வெட்டுகிற கத்தரியை முறத்தில் வைத்துவிட்டு, வாராவாரம் எத்தனை ஆயிரம் பீடி கொடுத்தார் என்று குறித்த பாஸ் புத்தகத்தோடு கூடவே வந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் புத்தகத்தைத் திறந்து, புகையிலைக் கறை படிந்த விரலை அந்த வரியில் வைத்துக் காட்டினார். அன்றைக்குக் கையெழுத்து கிடைத்தது. உங்கள் வீட்டிலும் வருமானத்துக்கு எழுத்தில் என்ன இருக்கிறதோ அதைக் கையோடு கொண்டுபோங்கள்.

பூர்த்தி செய்த படிவத்தோடு அசல் சான்றிதழ்கள், டி.சி., பதிவு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், பேங்க் பாஸ் புத்தகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு தங்கையே நேரில் போக வேண்டும்.

பணம் வர ஆரம்பித்த பிறகும் வருடத்துக்கு ஒருமுறை சுய உறுதிமொழி கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் தொகை நின்றுவிடும். என்னோடு படித்த ஒருத்திக்கு அப்படித்தான் நின்றது. முதல் தவணை வந்த அன்றே தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

வேலூர் போகிற அன்று அதே அலுவலகத்தில் தன்னார்வ பயிலும் வட்டம் பற்றியும் விசாரிக்கச் சொல்லுங்கள். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்கு இலவச வகுப்பு நடத்துகிறார்கள். பேரணாம்பட்டிலிருந்து அந்த வகுப்புக்கு நான் போய்வந்த பஸ் செலவெல்லாம் இந்த 1,800-ல்தான்.