குவில்ட் தைக்கத் தொடங்குகிறேன். கட்டாயம் தேவைப்படும் கருவிகள் எவை?

தையல் மெஷின் இருக்கிறது, நேராகத் தைக்க வரும், இன்னும் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். குவில்ட் என்பது துணித் துண்டுகளை ஒட்டுத் தையலாகச் சேர்த்து, நடுவில் பஞ்சு விரிப்பு வைத்துத் தைக்கும் போர்வை. அதற்கான பெரிய செலவு முடிந்துவிட்டது. மீதிப் பணத்தை அளப்பதற்கும் வெட்டுவதற்கும் போடுங்கள். கண்ணைக் கவரும் மற்ற சாமான்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டுத்தான் சொல்கிறேன். என் முதல் குவில்ட்டுக்கு அட்டையில் ஒரு சதுரம் வெட்டி, அதைத் துணிமேல் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, கத்தரிக்கோலால் நறுக்கினேன். வரிசைக்கு ஒன்பது சதுரம். இரண்டு வரிசைகளைத் தைத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், ஒன்று கிட்டத்தட்ட ஓர் அங்குலம் நீளமாக நிற்கிறது. இழுத்துப் பிடித்துத் தைத்தேன், நடுவில் உப்பிக்கொண்டது. மெஷினைத்தான் திட்டினேன். பாவம், அதன்மேல் குற்றமில்லை. தையல் 1/16 அங்குலம் உள்ளே தள்ளிப் போனால் இரண்டு பக்கத் துணியும் சேர்த்து ஒரு தையலுக்கு 1/8 அங்குலம் காணாமல் போகும். ஒன்பது சதுரத்துக்கு எட்டுத் தையல். கூட்டிப் பாருங்கள், அந்த ஓர் அங்குலம் அங்கேதான் இருக்கிறது.

அதனால் முதல் மூன்று பொருள்: ரோட்டரி கட்டர், வெட்டும்போது துணிக்கு அடியில் விரிக்கும் கட்டிங் மேட், அக்ரிலிக் ஸ்கேல். மூன்றையும் சேர்த்து ஒரே கருவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில்லாமல் மற்றது உதவாது. பீட்சா வெட்டும் சக்கரம் போன்ற இந்தக் கட்டரை ஜப்பானின் ஒல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. அதுவரை எல்லாரும் கத்தரிக்கோல்தான். 45 மில்லிமீட்டர் சக்கரம் உள்ளதை வாங்குங்கள். மேட் 18-க்கு 24 அங்குலமாவது இருக்கட்டும். ஸ்கேல் 6-க்கு 24 அங்குலம். துணியை மடித்துப் போட்டு ஒரே இழுப்பில் வெட்ட அந்த நீளம் வேண்டும். அளவை ஸ்கேலின் கோட்டில் பாருங்கள், மேட்டின் கோட்டில் அல்ல. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தால் வெட்டு பிசகும்.

கட்டர் சவரக் கத்தி மாதிரி. கீழே வைக்கும் ஒவ்வொரு முறையும் மூடிவிட வேண்டும், "இதோ, அடுத்த வெட்டுக்குத்தானே" என்று திறந்தபடி வைக்கக் கூடாது. உடலைவிட்டு வெளிப்பக்கமாகத்தான் தள்ளி வெட்ட வேண்டும். மேட்டை வெயிலில் வைக்காதீர்கள், அதன்மேல் இஸ்திரி போடாதீர்கள். ஒரு முறை நெளிந்தால் திரும்ப நேராவது கடினம்.

அடுத்தது கால் அங்குலம். குவில்ட்டில் தையலுக்கு விடும் ஓரம் பெரும்பாலும் அவ்வளவுதான். சட்டை தைத்துப் பழகியவர்களுக்கு முதலில் பயமாக இருக்கும். கால் அங்குலத்துக்கென்றே மெஷினில் மாட்டும் ஃபுட் (ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாகம்) கிடைக்கிறது. இல்லையென்றால் ஊசியிலிருந்து அளந்து மெஷின் தட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளலாம். சரியாக வருகிறதா என்று பார்க்க ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளைப் பக்கம் பக்கமாகத் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளக்கவும். மிகச் சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் உங்கள் தையல் உள்ளே போகிறது. துணி மடியும் இடத்தில் கொஞ்சம் அளவு போவதால், கால் அங்குலத்துக்கு ஒரு நூலிழை குறைவாகத் தைத்தால்தான் கணக்கு சரிவரும். இந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. நான் செய்யாமல் விட்டதும் இதுதான்.

நூல், ஊசி பற்றிச் சுருக்கமாக: 50 நம்பர் பருத்தி நூல், சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கண்டு. எந்த நிறத் துணியோடும் அது மறைந்துவிடும். மெஷின் ஊசி 80/12. எட்டு மணி நேரம் தைத்ததும் மாற்றிவிடுங்கள். தையல் பிரிக்கும் சீம் ரிப்பர் இல்லாமல் உட்காரவே வேண்டாம். தினமும் கையில் எடுப்பீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இஸ்திரிப் பெட்டி மெஷினுக்கு அருகிலேயே இருக்கட்டும். அதைத் தேய்த்து இழுக்கக் கூடாது. வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். தேய்த்தால், குறிப்பாக மூலைவாட்டில் வெட்டிய முக்கோணங்கள், இழுபட்டுக் கோணலாகிவிடும்.

துணி முழுப் பருத்தியாக, எல்லாம் ஏறக்குறைய ஒரே கனத்தில் இருக்கட்டும். சிவப்பும் கருநீலமும் இருந்தால் வெட்டும் முன்பே அலசிப் பாருங்கள். சாயம் போகும் துணி வெள்ளையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மேல்துணிக்கும் அடித்துணிக்கும் நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்புக்குப் பேட்டிங் என்று பெயர் (கிரிக்கெட் நினைவு வருவதைத் தவிர்க்க முடியாது). முதல் குவில்ட்டுக்கு மெல்லிய பருத்திப் பேட்டிங் போதும், வழுக்காது. அதையும் அடித்துணியையும் நாலாபுறமும் இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள். தையல்களை எவ்வளவு இடைவெளி வரை விடலாம் என்பது பேட்டிங்கின் உறையிலேயே போட்டிருக்கும். அதை மீறினால் துவைக்கத் துவைக்க உள்ளே திரண்டுவிடும்.

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிக்க வளைந்த ஊக்குகள் வேண்டும். மூடிய கையின் அகலத்துக்கு ஒன்று குத்துங்கள். கஞ்சத்தனம் பிடித்தால் அடித்துணியில் மடிப்பு விழும், அது கடைசியில் திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். மூன்று அடுக்கையும் ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட்டை இந்தக் கட்டம் வரும்போது வாங்கினால் போதும். கோடு போட நீரில் அழியும் பேனா நல்லது. ஆனால் அதைக் கழுவும் முன் அந்தக் கோட்டின்மேல் சூடு பட்டால் கறை நிலைத்துவிடலாம். துணியின் ஓரத் துண்டில் சோதித்துவிட்டுத் தொடங்குங்கள்.

விதவிதமான வடிவ ஸ்கேல்கள், அச்சு வெட்டும் இயந்திரம், நூறு நிற நூல் பெட்டி எதுவும் இப்போது வேண்டாம். மூன்றரை அங்குலச் சதுரம் ஒன்பது வெட்டி, மூன்றுக்கு மூன்றாகச் சேர்த்துத் தையுங்கள். சேர்ந்து வரும் பெரிய சதுரம் ஒன்பதரை அங்குலம் இருந்தால் அடுத்த வேலைக்குப் போகலாம். ஒன்பதேகால் வந்தால் மாஸ்கிங் டேப்பை ஊசிப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்தி ஒட்டுங்கள்.